மறுகேள்வி

என் குரல் நல்ல குரல். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன, அவற்றைத்தான் சொல்ல வருகிறேன்.

பதினோரு வருடமாகச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வானொலியில் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறேன். வாரம் ஒரு விஞ்ஞானியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விண்வெளியைப் பற்றிப் பேச வைப்பது என் வேலை. விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கருந்துளையில் ஆரம்பித்து, நட்சத்திரம் எப்படிச் சாகிறது என்பது வரை எல்லாம் பேசியாயிற்று. "எவ்வளவு கஷ்டமான விஷயமானாலும் இவர் கேள்வி கேட்டால் விளங்கிவிடுகிறது" என்று நேயர்கள் எழுதுகிறார்கள். அதை வாசிக்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

உண்மை என்னவென்றால் பாதி நாள் எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. தலையை ஆட்டுவேன். தலையாட்டுவது வானொலியில் கேட்காது என்பதால் கூடவே "ம்" என்பேன். அந்த "ம்"மில் நான் பெரிய வித்வான். சந்தேகப்படும் "ம்" ஒன்று, வியந்துபோகும் "ம்" ஒன்று, 'இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும், நேயர்களுக்காகத்தான் கேட்கிறேன்' என்ற "ம்" ஒன்று. கடைசி வகைதான் எனக்கு அதிகம் செலவாகும்.

இதில் ஒரு தொழில் ரகசியமும் உண்டு. பேட்டியின்போது என் வாயில் கேள்வி நேராக வராது. சுற்றி வளைத்து, திக்கித் திணறி, சில நேரம் படு அபத்தமாகக் கேட்டுத் தொலைப்பேன். விஞ்ஞானி எழுந்து போன பிறகு அவர் சொன்ன பதிலை ஒரு தடவை போட்டுக் கேட்பேன். அந்தப் பதிலுக்குத் தோதாக ஓர் அழகான கேள்வியை எழுதி, காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டுப் பதிவு செய்துகொள்வேன். பழைய கேள்வியைத் தூக்கிவிட்டு இதை அங்கே வைத்துவிடுவோம். எங்களுக்குள் இதற்கு 'மறுகேள்வி' என்று பெயர். பதில் தெரிந்த பிறகு கேட்டால் யார்தான் புத்திசாலியாகக் கேட்க மாட்டார்கள். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த வெட்டல், ஒட்டல் எல்லாம் செய்து தருபவர் எங்கள் ஒலிப்பதிவாளர். அவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த அறையில் யாராவது காகிதத்தைத் திருப்பினாலும் சொல்லிவிடுவார். நிகழ்ச்சி ஒலிபரப்பான திங்கட்கிழமையே வெட்டாத மூலப் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது அவருக்கு நான் போட்ட உத்தரவு. இடம் அடைக்கிறது என்று காரணம் சொல்லியிருந்தேன். என் அசட்டுக் கேள்விகள் எங்கேயும் மிஞ்சி இருக்கக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம். காதுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் வந்திருந்த விஞ்ஞானியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நட்சத்திர மண்டலங்கள் எப்படிச் சுழல்கின்றன என்று ஆராய்பவர். அவரைப் பிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒரு மணி நேரம்தான் தருவேன், அதற்குப் பிறகு வகுப்பு இருக்கிறது என்று கறாராகச் சொல்லியிருந்தார். அவர் வந்து உட்கார்ந்த பிறகு சட்டைப் பையைத் தடவுகிறேன், மூக்குக் கண்ணாடியைக் காணோம். முந்தின நாள் அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் என் கேள்வித்தாளில் எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்கும். வெளியே போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அவசரம்க்கா. உடனே எடுத்துக்கிட்டு வா."

"இப்பதான்டா வேலை முடிச்சு வந்தேன். சரி, வரேன் இரு."

அக்கா ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். என் நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விட்டதில்லை. லாண்டரியில் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்கு அதை வேறு யாரும் தொடக் கூடாது என்று ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தாள்.

அவள் வரும்வரை ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினேன். பேட்டி படுத்துவிட்டது. நான் "இருண்ட பொருள் என்றால் என்ன" என்றேன். விஞ்ஞானியம்மா பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார். நட்சத்திர மண்டலம் சுழல்கிறது, ஓரத்தில் உள்ள நட்சத்திரங்களும் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுகின்றன, அதனால் கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ இருக்க வேண்டும் என்றார். அந்த 'அதனால்' எப்படி வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. "ம்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காதுக்குப் பக்கத்து ஸ்டூலில் அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். காது அவள் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டிருந்தார்.

எங்கள் நிகழ்ச்சியில் 'நேயர் நாற்காலி' என்று ஒன்று உண்டு. வாராவாரம் விஞ்ஞானத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வந்து அதில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். அன்றைக்கு வர வேண்டிய ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று காது சைகை காட்டினார். நான் எழுந்து அந்த அறைக்குப் போனேன். தண்ணீர் குடிக்க விஞ்ஞானியம்மாவும் பின்னாலேயே வந்தார். அக்கா எழுந்து, சீருடைக் கையால் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

விஞ்ஞானியம்மா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார். "இவங்க யாரு?"

அக்காவின் தலையில் லாண்டரியில் போடும் வலைத்தொப்பி இன்னும் இருந்தது. சட்டைக் கை முழங்கைவரை ஈரம். அறை முழுக்க ப்ளீச்சிங் பவுடர் வாசனை. 'என் அக்கா' என்று இரண்டே சொல். அதை விட்டுவிட்டு நான் சொன்னேன்.

"நம்ம நேயர் ஒருத்தங்க."

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் விஞ்ஞானியம்மாவைப் பார்த்து, "வணக்கம்மா" என்றாள்.

"நேயர்தானே. அப்ப அந்த நாற்காலில இவங்களே உக்காரட்டுமே" என்றார் விஞ்ஞானியம்மா. நான் சொன்ன பொய்யே என் கழுத்தைப் பிடித்துவிட்டது. அக்கா வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஆஸ்பத்திரி லாண்டரில வேலை பாக்கறேன்மா" என்று ஆரம்பித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "எங்ககிட்ட பிழியற மெஷின் ஒன்னு இருக்கு. ஆளே உள்ள நிக்கலாம், அவ்வளவு பெரிசு. அது சுத்தும்போது தண்ணி எல்லாம் ஓட்டை வழியா வெளிய தெறிச்சுப் போயிடும். துணி மட்டும் டிரம்மோட சுவத்துல ஒட்டிக்கிட்டுச் சுத்தும். சுவர் இருக்கறதாலதான் துணி நிக்குது. இல்லன்னா அதுவும் தண்ணி மாதிரி பறந்து போயிடும். வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் பலமா போய் ஒட்டும். நீங்க இப்ப சொன்னீங்க, நட்சத்திரக் கூட்டமும் சுத்துது, ஓரத்துல இருக்கறதும் அவ்வளவு வேகமா சுத்துதுன்னு. அப்ப அது ஏன் தெறிச்சுப் போகல? அதைப் பிடிச்சு வெக்கற சுவர் எங்கம்மா இருக்கு?"

விஞ்ஞானியம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சுவர் இல்லம்மா. உங்க டிரம்ல சுவர் உள்பக்கமா தள்ளுது. அங்க ஈர்ப்பு விசை உள்பக்கமா இழுக்குது. ரெண்டும் செய்யற வேலை ஒன்னுதான், ஓடப் பாக்கறதை ஓட விடாம வெக்கறது. ஆனா பாருங்கம்மா, கண்ணுக்குத் தெரியற நட்சத்திரம், தூசு, வாயு எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டோம். அந்த இழுப்பு பத்தவே பத்தல. ஓரத்துல இருக்கற வேகத்துக்கு எல்லாம் என்னைக்கோ சிதறிப் போயிருக்கணும்."

"சிதறலையே."

"சிதறல."

"அப்ப டிரம் இருக்கு, நமக்குத்தான் தெரியல."

"அதேதான்மா."

"அது எதால ஆனதுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல. தேடிக்கிட்டே இருக்கோம்." விஞ்ஞானியம்மா சிரித்தார். "இருபது வருஷமா இந்த வேலைல இருக்கேன். இவ்வளவு நேரா இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல."

எட்டு நிமிடம் பேசினார்கள். பதினோரு வருடத்தில் அந்த அறையில் நடந்த நல்ல பேச்சு அதுதான். இருண்ட பொருள் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதைப் பற்றி நான் அதற்கு முன்பு நான்கு நிகழ்ச்சி நடத்தியிருக்கிறேன்.

வாசல்வரை அக்காவோடு போனேன். அவள் முகம் சிவந்து போயிருந்தது, சந்தோஷத்தில்.

"குரல் கர்ண கடூரமா இருந்துச்சாடா?"

"இல்லக்கா, நல்லா இருந்துச்சு."

"சனிக்கிழமை வருமா? எங்க ஆளுங்க எல்லாரும் கேப்பாங்க. வெட்டிட மாட்டியே?"

"மாட்டேன். நீ போ, பஸ் வந்துடும்."

வியாழக்கிழமை காதும் நானும் வெட்ட உட்கார்ந்தோம். அக்கா மைக்கிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்ததால் குரல் கொஞ்சம் மங்கலாக இருந்தது. வளையல் சத்தம் வேறு. "சரி பண்ணிடலாம் சார். ஒரு மணி நேர வேலை" என்றார் காது. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மங்கல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. 'லாண்டரில வேலை பாக்கறேன்மா' என்ற குரல் என் அம்மாவின் குரல் மாதிரி, எங்கள் வீட்டுக் குரலாக இருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தோன்றியது. அதைவிட இன்னொன்று, அதையும் சொல்லிவிடுகிறேன். 'இவ்வளவு நேரா யாரும் கேட்டதில்ல' என்ற வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது.

"வேணாம். நான் மறுகேள்வி போட்டுக்கறேன்" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினேன். 'ஒரு சலவை இயந்திரத்தைக் கற்பனை செய்து பாருங்கள்' என்று ஆரம்பித்து, அக்கா மூச்சு வாங்கச் சொன்னதை நான்கு வரியில் அடக்கினேன். எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலி நேயர் நாற்காலியைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரே தடவையில் அமைந்தது. பிறகு ஒரு சிக்கல். விஞ்ஞானியம்மா தன் பதிலில் அக்காவை அடிக்கடி 'அம்மா' என்று கூப்பிட்டிருந்தார். 'இல்லம்மா', 'பாருங்கம்மா', 'அதேதான்மா'. அதையெல்லாம் தேடித் தேடி ஒவ்வொரு 'ம்மா'வாக நறுக்கி எடுத்தோம். எடுத்தது எத்தனை என்று காது ஒரு தாளில் குறித்து வைத்தார். பதினொன்று.

சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்த அரை மணியில் நிலைய இயக்குநர் போன் செய்தார். "இதுதான்யா கேள்வி" என்றார். நேயர்கள் எழுதித் தள்ளினார்கள். ஒரு கல்லூரியில் வந்து பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்காவிடமிருந்தும் ஒரு செய்தி வந்தது. 'நல்லா இருந்துச்சுடா. உன் குரல்ல கேக்க தெளிவா இருந்துச்சு.' அப்பாடா என்று இருந்தது. அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள், பிறகென்ன என்று நினைத்தேன். அவளுக்குப் பதில் போடவில்லை. போன் செய்யவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விஞ்ஞானியம்மாவின் மின்னஞ்சல் வந்தது. 'நிகழ்ச்சியைக் கேட்டேன். நான் பேசியது லாண்டரியில் வேலை செய்யும் அந்த அம்மாவிடம். ஒலிபரப்பில் உங்களிடம் பேசியதாக இருக்கிறது. ஏன்? அந்தக் கேள்வியை என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். அதை யார் கேட்டது என்று பெயரோடு சொல்ல வேண்டும். அவர் குரலில் உள்ள பதிவை அனுப்புங்கள்.' கீழே தன் போன் எண்ணைக் கொடுத்து, அந்த அம்மாவிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார்.

பதிவில் கோளாறு ஆகிவிட்டது என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'அப்படியானால் அவரை மறுபடி கூப்பிடுங்கள். நானும் வருகிறேன்.'

காதிடம் ஓடினேன். "அந்த மூலப் பதிவு இருக்கா?"

"நேத்து திங்கக்கிழமை சார்" என்றார். "நீங்கதானே எதையும் வெக்காதேன்னு சொன்னீங்க." மேஜை இழுப்பறையைத் திறந்து, பதினொன்று என்று எழுதிய தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது மட்டும்தான் இருக்கு."

புதன்கிழமை லாண்டரிக்குப் போனேன். அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம். நான் உள்ளே காலடி வைத்தது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு அடியில், சுரங்கம் மாதிரி ஒரு நீண்ட கூடம். ஒரு பக்கம் அழுக்குத் துணி வண்டிகள், மறுபக்கம் வெள்ளை விரிப்புகள் அடுக்கடுக்காக. நடுவில் ஆளுயர மெஷின்கள் நான்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் காதில் ஒருவர் வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும். வட்டக் கண்ணாடி வழியே ஒன்றினுள் பார்த்தேன். துணியெல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுழன்றது. நடு வெற்றாக இருந்தது.

இஸ்திரி மேஜையருகே நின்ற பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். ரேடியோவுக்குப் பக்கத்தில் என் படம் ஒன்று ஒட்டியிருந்தது.

"வாங்க சார். அந்த மெஷின் கேள்வி பிரமாதம் சார். எங்களுக்குப் புல்லரிச்சுப் போச்சு. உங்க அக்காதான் பாவம், கொஞ்சம் ஓவரா அளந்துட்டா."

"என்ன அளந்தா?"

"உங்களைப் பாத்துட்டு வந்ததுல இருந்து, நான்தான் கேள்வி கேட்டேன், சனிக்கிழமை என் குரல் வரும்னு ஒரே அலம்பல். சரின்னு சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, பத்து நிமிஷம் எல்லா மெஷினையும் நிறுத்தினோம் சார். பகல்ல இங்க மெஷின் நின்னு நான் பாத்ததே இல்ல. எல்லாரும் ரேடியோவைச் சுத்தி நிக்கறோம். பாத்தா உங்க குரல் வருது. திரும்பி அவ மூஞ்சியைப் பாத்தோம்."

"அக்கா என்ன சொன்னா?"

"சிரிச்சா சார். கேள்வி என் தம்பியோடதுதான், நான் பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுட்டு வந்து என்னுதுன்னு உங்ககிட்ட சும்மா விட்டுப் பாத்தேன்னு சொன்னா. சூப்பர்வைசருக்கு வந்துச்சே கோவம். இதுக்காடி மெஷினை நிறுத்தச் சொன்னன்னு திட்டினார். அதுல இருந்து இங்க அவளுக்குப் பேரே ரேடியோக்காரிதான். இன்னைக்குக் காலைலகூட, என்ன ரேடியோக்காரி, நேத்து நிலாவுக்குப் போயிட்டு வந்தியான்னு ஒருத்தன் கேக்கறான்." பெரியவர் சிரித்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் நல்லது என்றிருந்தது. அவள் எனக்கு அனுப்பிய செய்தி ஞாபகம் வந்தது. இருபது பேர் முன்னால் தன்னைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்ட கையோடுதான் அதை அனுப்பியிருக்கிறாள்.

"அந்தக் கேள்வி அக்கா கேட்டதுதான்" என்றேன்.

"என்ன சார்?" பக்கத்து மெஷின் பிழிய ஆரம்பித்திருந்தது.

"கேள்வி அக்காவோடது."

"கேக்கல சார், சத்தமா."

ஊரே புகழும் குரலைத் தொண்டை கிழியத் திறந்து கத்தினேன். "அக்கா கேட்ட கேள்வி. அதை வெட்டிட்டு நான் கேட்ட மாதிரி என் குரல்ல போட்டுக்கிட்டேன். அவ சொன்னது நிஜம்."

பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு திரும்பி, துணி அள்ளிக்கொண்டிருந்த பெண்ணிடம் கத்தினார். "கேள்வி அவளோடதாம். இவர் எடுத்துக்கிட்டாராம்." அவள் வண்டி தள்ளுகிறவரிடம் கத்தினாள். "தம்பிக்காரர் திருடிட்டாராம்." அவர் அதைக் கூடத்தின் கோடிவரை கொண்டுபோனார். நான் 'போட்டுக்கிட்டேன்' என்றேன், அது 'திருடிட்டார்' என்று போய்ச் சேர்ந்தது. திருத்தச் சொல்ல வாய் வரவில்லை. வெட்டாமல் ஒட்டாமல் அவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள்.

அக்கா கோடியில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"ஏன்டா இங்க வந்து கத்தற?" என்றாள். "அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். அவள் இழுத்து உதறினாள். நான் கோணலாக மடித்ததைப் பிரித்து மறுபடி நீட்டினாள். இரண்டு விரிப்பு மடித்தோம்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன அவங்ககிட்ட?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? என் தம்பி என் கேள்வியைத் திருடிட்டான்னா? உன் படத்தை ஒட்டி வெச்சதே நான்தான்டா."

"தப்பு பண்ணிட்டேன்க்கா."

"கேள்வி போனா போகுது. அது யார் கேட்டாலும் அந்தம்மா அதே பதிலைத்தான் சொல்லப் போறாங்க. அன்னைக்கு இவங்க யாருன்னு கேட்டாங்க இல்ல. நீ என்ன சொன்ன?"

விரிப்பின் ஓரத் தையலைப் பார்த்தேன்.

"சொல்லேன்."

"நேயர் ஒருத்தங்கன்னு."

"ம்" என்றாள். பதினோரு வருடத்தில் நான் சேர்த்து வைத்த வகைகளில் அந்த "ம்" இல்லை. "பஸ்ல போகும்போது நினைச்சேன், தலைல தொப்பியோட வந்தது என் தப்புதான்னு. அப்புறம்தான் தோணுச்சு, நீதானே அவசரம்னு கூப்பிட்ட."

கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்க முடியாமல் இரண்டு கையிலும் விரிப்பு.

விஞ்ஞானியம்மா கேட்டதையும் போன் எண் கொடுத்ததையும் சொன்னேன். சனிக்கிழமை வானொலியில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். (சொன்னேன். ஒன்றரை நிமிடம். நடுவில் நான் தடுமாறிய இடத்தைச் சரி செய்யவா என்று காது கேட்டார். அப்படியே விடச் சொன்னேன். அது பிறகு நடந்தது.) "நீ மறுபடி ஸ்டுடியோவுக்கு வரணும்க்கா. அதே கேள்வியை உன் குரல்ல கேட்டுட்டா போதும்."

அக்கா மடிப்பதை நிறுத்தினாள்.

"அது எப்படிடா கேப்பேன்? எனக்குத்தான் இப்ப பதில் தெரியுமே. அன்னைக்கு நிஜமாவே தெரியாமக் கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டுத் தெரியாத மாதிரி கேக்க எனக்கு வராது. அது உன் வேலை."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். எனக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்தக் கேள்வியை அவள் தெரியாமல் கேட்ட ஒரே தடவை பதிவில் இருந்தது. அதை நான் திங்கட்கிழமை அழிய விட்டுவிட்டேன்.

"வேற ஒரு கேள்வி இருக்கு" என்றாள். "நாலு நாளா மண்டையைக் குடையுது. நிஜமாவே தெரியல."

"சொல்லுக்கா."

"உங்கிட்ட சொல்ல மாட்டேன். அந்தம்மா நம்பர் குடுத்தாங்கன்னியே, அதைக் குடு."

எண்ணைச் சொன்னேன். ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அழுத்தினாள். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று உரக்கப் பேசினாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

"அம்மா, நான் அன்னைக்கு மூக்குக் கண்ணாடி குடுக்க வந்தேனே, லாண்டரிலேர்ந்து பேசறேன். ரேடியோல வரானே, அவன் என் தம்பிம்மா. நான் அவன் அக்கா."

அப்புறம் மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, உலர்த்தும் மெஷின்களுக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு கையை உயர்த்திக் காற்றில் வட்டம் போட்டாள். பாதி வட்டத்தில் நிறுத்தி, யோசித்து, மறுபடி போட்டாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, வாய் விட்டுச் சிரித்தாள். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மடித்து முடியாத விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற இரண்டு முனையும் தரையில் கிடந்தன.

இஸ்திரிப் பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்று அவளையே பார்த்தார்.

"என்ன சார் கேக்கறா?"

"தெரியல" என்றேன்.

"என்ன சார்?"

பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை நான் இன்னொருவர் காதில் விழும்படி சொன்னதே இல்லை. மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.